சோளகத்தைக் களவெடுத்தவன்

அத்தியாயம் ஆறு

காசு கேட்காத கள்ளனை என் வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தித்தது புதன்கிழமை காலை எட்டே காலுக்கு. நேரில் அல்ல, வாட்ஸ்அப்பில்.

"வெள்ளிக்கிழமை வெளியீட்டை நிப்பாட்டு. பத்து நாளைக்குப் பிறகு டிஸ்க் தானா வீட்டுக்கு வரும். போலீசுக்குப் போகாதே."

அதற்குக் கீழே இருபத்திரண்டு வினாடி ஓடும் ஒரு ஓடியோ. அவ்வளவுதான்.

அந்தச் செய்தி வந்திருந்த தன் போனை எங்கள் கவுண்டரில் வைத்துவிட்டு றுமைஸ் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் கவுண்டர் என்றால் கற்பிட்டி டவுனில் ஹிதாயா ராத்தாவின் போட்டோகொப்பிக் கடைக் கவுண்டர். முன்பக்கம் போட்டோகொப்பி, லெமினேட்டிங். திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு கதிரை, ஒரு அலுமாரி. அதுதான் துப்பறியும் நிலையம். இதுவரை ராத்தா கண்டுபிடித்துக் கொடுத்தவை: ஆடு மூன்று, படகு இன்ஜின் ஒன்று, புருஷன்மார் இருவர். புருஷன்மாரில் ஒருவர் திரும்பிப் போக மறுத்துவிட்டார், அது வேறு கதை.

நான் முபாரிஸ். ராத்தாவின் உதவியாளர், த்ரீவீல் சாரதி, அவர் கேட்காத அபிப்பிராயங்களைச் சொல்பவன்.

"ஒனக்கு எதிரி ஆரும் இரிக்காங்களா தம்பி?" ராத்தா கேட்டார்.

"எதிரி இல்லாட்டி அவன் ரெப் பாட்டே பாடல்ல ராத்தா," என்றேன்.

"நீ சும்மா இரி. தம்பி, நீ சொல்லு."

றுமைஸ் சொன்னான். ஞாயிறு இரவு அவனுடைய கருவாட்டுக் கடைக்குப் பின்னால் உள்ள அறையிலிருந்து ஹார்ட் டிஸ்க் காணாமல் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. லெப்டொப், மைக், புது ஹெட்போன் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. டிஸ்க்கை மட்டும் காணோம். அதற்குள்ளேதான் பதினொரு பாட்டு. 'சோளகம்' அல்பம் முழுசும்.

இதை விளங்கிக்கொள்ள 'கூனிச் சம்பல்' என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். சோற்றோடு தின்பதைச் சொல்லவில்லை. றுமைஸும் நிரோசனும் சேர்ந்த இருவர் குழுவின் பெயர் அது. றுமைஸ் எழுதிப் பாடுவான். சிலாபத்துக்காரன் நிரோசன் பீட் செய்வான். ஜாஸ் அமெரிக்காவில் பிறந்தது என்கிறார்கள், இருக்கட்டும். நிரோசனின் மாமா சிலாபத்து மாதா கோயில் பெருநாள் பேண்டில் ட்ரம்பட் ஊதுபவர். நாலு மணித்தியாலம் வெயிலில் நடந்து ஊதி, கடைசித் தெருவில் களைப்புத் தாங்காமல் ஒரு சுருதியை வளைப்பார். அந்த வளைவை நிரோசன் வெட்டியெடுத்து, வேகத்தைக் குறைத்து, அடியில் ஒரு பீட்டைப் போட்டு றுமைஸிடம் கொடுத்தால், கேட்கிறவனுக்கு முதுகில் மயிர் எழும்பும். நான் இரண்டு பாட்டுத்தான் கேட்டிருக்கிறேன். அதற்கே த்ரீவீலின் பின் கண்ணாடியில் பெயரை ஒட்டிவிட்டேன்.

"வேற கொப்பி இல்லயா?" ராத்தா கேட்டார்.

"இல்ல ராத்தா. முந்தி ஒரு பாட்டு லீக்காகி, ஆரோ ஒருத்தன் அவன்ட கலியாண வீடியோவுக்குப் போட்டுட்டான். மாப்புள கேக் வெட்டுறான், பின்னால நான் சாவு, மௌத்தெண்டு பாடுறேன். அதுக்குப் பொறகு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணினோம். ஒரே டிஸ்க். வேற கொப்பி இல்ல."

"நிரோசன் என்ன சொல்றான்?"

"சிலாபத்துல படுத்திரிக்கான். திங்கக்கிழமையில இருந்து சோறு தின்னல்ல எண்டு அவன்ட அம்மா சொன்னாங்க." அவன் தலையை நிமிர்த்தினான். "ராத்தா, சனிக்கிழமை விடிய எனக்கு ப்ளைட். கட்டார். ரெண்டு வருஷம். அங்க போய் நான் கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போறேன். வெள்ளிக்கிழமை இது வெளிய வந்திட்டா, நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற பாட்டுக்காரன். வராட்டி நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன். அவ்வளவுதான் வித்தியாசம்."

நான் பகிடி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சில நேரம் அறிவு வரும்.

ஏஜென்சியில் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டுமென்று அவன் புத்தளம் பஸ்ஸில் ஏறிப் போனான். ஓடியோவை என் போனுக்கு அனுப்பியிருந்தான். அது அல்பத்தின் நாலாவது பாட்டு என்றும் சொல்லியிருந்தான்.

ராத்தா அதை ஏழு தடவை கேட்டார். எட்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டார்.

"முபாரிஸ், பாட்ட உடு. பாட்டுக்குப் பின்னால என்ன கேக்குது?"

கேட்டேன். ட்ரம்பட். றுமைஸின் குரல். அதற்கடியில் டிக் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். இன்னும் அடியில் டொக்கு டொக்கு என்று வேறொன்று.

"ட்ரம்ஸ்," என்றேன்.

"ஒன்ட மூஞ்சி. கற்பிட்டியில பொறந்தவன் தானே நீ? அது ஸ்பிரிங்ளர். தோட்டத்துல தண்ணி அடிக்கிற சத்தம். அந்த டொக்கு டொக்கு மண்ணெண்ணெய் பம்ப்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "கள்ளன் டிஸ்க்க ஓட விட்டு, போன்ல பிடிச்சி அனுப்பியிரிக்கான். பின்னால சத்தம் கேக்குறதால, அவன் ஒளிஞ்சிரிக்கிற எடம் ஒரு தோட்டம்."

"மாஷா அல்லாஹ். த்ரீவீல ஸ்டார்ட் பண்ணு."

"கற்பிட்டியில தோட்டம் ஆயிரம் இரிக்கே ராத்தா?"

"ஆயிரம் பேரும் கரண்ட் மோட்டருக்கு மாறிட்டாங்க. இன்னும் மண்ணெண்ணெய் பம்ப்ப வெச்சிக்கிட்டு, கரண்ட்காரனோட சண்டை புடிக்கிற ஒரே மனிசன் ஆரு?"

அது எனக்குத் தெரியும். ஏத்தாளை முத்தலிபு நானா. மின்கம்பம் நட வந்தவர்களை மண்வெட்டியால் துரத்தியவர்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம். வழியெல்லாம் மண் பறந்தது. களப்புப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் சறுக்கினார்கள். இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் காற்றில் பறந்துபோகும் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வெங்காயம் பிடுங்கினார்கள். ஒரே காற்று, இரண்டு தொழில்.

முத்தலிபு நானாவின் தோட்டத்தை நெருங்கும்போதே கேட்டது. டிக் டிக் டிக் டிக். டொக்கு டொக்கு. ஓடியோவில் கேட்டது அப்படியே. ராத்தா இறங்குவதற்குள் நான் வேலியைத் தாண்டிவிட்டேன். ஒரு துப்பறியும் உதவியாளர் எப்படிப் பாய வேண்டுமோ அப்படித்தான் பாய்ந்தேன். சுற்றி வந்த ஸ்பிரிங்ளர் என் முகத்தில் முழுசாக அடித்தது.

"ஆரடா அது, வெங்காயத்துல மிதிக்கிறது?"

மண்வெட்டி முதலில் வந்தது. முத்தலிபு நானா பின்னால் வந்தார்.

"டிஸ்க் எங்க?" என்றேன், மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக.

"என்ன டிஸ்க்கு? ஒனக்கு நடு முதுகுல டிஸ்க்க எடுத்து விடவா?"

ராத்தா வேலியோரமாக நிதானமாக நடந்து வந்து சலாம் சொன்னார். சலாத்துக்குப் பதில் சொல்லும்போது மண்வெட்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். மண்வெட்டி இறங்கியது.

"நானா, இந்த சத்தத்த கேட்டுப் பாருங்க," என்று போனை நீட்டினார்.

முத்தலிபு நானா இரண்டு வினாடி கேட்டார். முகம் விரிந்தது. "ஓ, அந்த சிலாபத்துப் பொடியன்ட வேலையா இது? பாட்டாக்கிட்டானா?"

"எந்தப் பொடியன்?"

"பேரு நிரோசனோ என்னவோ. ஆறேழு மாசத்துக்கு முந்தி வந்தான். காதுல பெரிய ஹெட்போன். கையில மைக், மைக்குக்குக் குடை. அவனுக்குக் குடை இல்ல. என்ட ஸ்பிரிங்ளருக்கு முன்னால ரெண்டு மணித்தியாலம் நின்டான். பொறகு பம்புக்கு முன்னால ஒரு மணித்தியாலம். பைத்தியம் எண்டு நெனச்சி நான் டீ ஊத்திக் குடுத்தேன்."

நான் நனைந்த சேர்ட்டைப் பிழிந்துகொண்டு நின்றேன். விளங்கிவிட்டது. கள்ளன் இருக்கும் இடத்தின் சத்தமில்லை இது. பாட்டின் சத்தமே இதுதான். ட்ரம்ஸ் வாங்க வழியில்லாதவன் ஸ்பிரிங்ளரை ஹை-ஹெட் தாளத்தட்டு ஆக்கியிருக்கிறான், பம்பை பேஸ் ஆக்கியிருக்கிறான். நாங்கள் இவ்வளவு தூரம் ஓடிவந்து கண்டுபிடித்தது ஒரு வெங்காயத் தோட்டத்தை.

"நல்ல துப்பு ராத்தா," என்றேன். "அடுத்ததா ட்ரம்பட் சத்தம் வாற எடத்துக்குப் போவோம். சிலாபத்துல பெருநாள் எப்ப?"

ராத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. முத்தலிபு நானா இன்னும் போனைக் காதில் வைத்திருந்தார். விரிந்த முகம் மெல்லச் சுருங்கியது.

"இல்ல. இது என்ட ஸ்பிரிங்ளர் இல்ல."

"இப்பத்தானே நானா உங்கட எண்டீங்க?"

"பம்ப் என்ட. இந்த டிக் டிக் என்ட இல்ல. அவன் வந்த நேரம் என்ட ஸ்பிரிங்ளர் தலை நொண்டி. உள்ளுக்குள்ள ஸ்பிரிங் தேஞ்சி போய் மூணு அடிப்பான், ஒண்ட முழுங்குவான். டிக், டிக், டிக், பொறகு ஒண்டும் இல்ல. அப்பிடி முழுங்கி முழுங்கித்தான் அந்த மூலை வெங்காயம் எல்லாம் வாடிச்சி. இதக் கேளுங்க, நாலும் ஒழுங்கா அடிக்கிது."

நான் தோட்டத்தைப் பார்த்தேன். டிக் டிக் டிக் டிக். எதையும் முழுங்கவில்லை.

"இது புதுத் தலை," என்றார் அவர். "திங்கக்கிழமை காலையிலதான் மாத்தினேன்."

ராத்தா றுமைஸுக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "தம்பி, எங்க நிக்கிற?"

"ஏஜென்சியில லைன்ல ராத்தா. கெடச்சிதா?"

"நாலாவது பாட்ட பாடு."

"இங்கயா? ஆக்கள் நிக்கிறாங்களே."

"கட்டாருக்குப் போனா அங்க ஆக்கள் இல்லயா? பாடு."

அவன் தாழ்ந்த குரலில், வாய்க்குள்ளேயே பாடினான். முத்தலிபு நானா விரலால் மண்வெட்டிப் பிடியில் தாளம் போட்டார். மூன்று அடி, ஒரு இடைவெளி. மூன்று அடி, ஒரு இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் றுமைஸ் மூச்செடுத்தான். நொண்டி ஸ்பிரிங்ளர் அப்படியே அவன் வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"காலையில அந்த ஓடியோவ முழுசாக் கேட்டியா நீ?" ராத்தா கேட்டார்.

"ஒருக்காத்தான் கேட்டேன். என்ட குரல் என்னவோ தடுக்கி விழுற மாதிரி இரிந்திச்சு. பயத்துல எனக்குத்தான் அப்பிடிக் கேக்குது எண்டு நெனச்சேன்."

"சரி. பொறகு கோல் எடுக்கிறேன். எங்க நின்டாலும் ஆன்ஸர் பண்ணு."

ராத்தா போனை வைத்தார். முத்தலிபு நானாவிடம் ஒரு மன்னிப்பு, மிதிபட்ட வெங்காயத்துக்கு இன்னொரு மன்னிப்பு. பிறகு த்ரீவீலின் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"சிலாபம்."

"ராத்தா, அது எண்பது கிலோமீட்டர். இது த்ரீவீல்."

"அப்ப கெதியா விடு."

பாலாவி, முந்தல், ஆனமடுவச் சந்தி என்று ஓடினோம். வழி முழுக்க நான் கேள்வி கேட்டேன். ஒரு இடத்தில் மட்டும், "பசிக்குது," என்றார். பாண் வாங்கிக் கொடுத்தேன். துப்பறியும் செலவு.

நிரோசனின் அறை அவர்கள் வீட்டு மாடியில். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. மேசையில் ஒரு தட்டுச் சோறு, மேலே ஈ. நிரோசன் கண்ணெல்லாம் வீங்கிப் போய் எழுந்து நின்றான். படியேறும் முன்பே ராத்தா றுமைஸுக்கு மறுபடி கோல் எடுத்து, "வாயத் தொறக்காம கேட்டுக்கிட்டு மட்டும் இரி," என்று சொல்லி, போனை அப்படியே கைப்பைக்குள் போட்டிருந்தார்.

"அக்கா, ஏதாவது தெரிஞ்சுதா?" நிரோசன் கேட்டான்.

"கெட்ட செய்தி தம்பி. கள்ளன் பாட்ட நாசமாக்கிப் போட்டான்."

"நாசமாக்கினதா? எப்பிடி?"

"அந்த பம்ப் சத்தம் இரிக்கே, அத ஏத்தி வெச்சிரிக்கான். காது கிழியுது. உங்கட மாமாட ட்ரம்பட் ஒண்டுமே கேக்கல்ல. பாவம், வயசான மனிசன். வெயில்ல நடந்து ஊதினது முழுக்க வீண்."

நிரோசனின் காது சிவந்தது. "கேக்கலயா? என்ன ஸ்பீக்கர்ல கேட்டீங்க?"

"முபாரிஸ்ட த்ரீவீல்ல."

"அனே அக்கா, அதுல அடி சத்தம் முழுக்கக் கிழிஞ்சிதான் வரும். பம்ப்ப நான் நேத்துத்தானே ரெண்டு டீபீ கொறைச்சன், ட்ரம்பட் மேல வரட்டும் எண்டு"

அவன் நிறுத்தினான். சோற்றில் இருந்த ஈ மட்டும் ஓயவில்லை.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. எத்தனையோ வாக்குமூலம் கேட்டிருக்கிறேன். ஒலி அளவோடு சேர்த்து ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ராத்தா கதிரையில் உட்கார்ந்தார். "களவெடுக்கிறவன் விப்பான். ஒளிப்பான். கோவம் வந்தா ஒடைப்பான். திருத்த மாட்டான் தம்பி. டிஸ்க் போனது ஞாயித்துக்கிழமை. முத்தலிபு நானா ஸ்பிரிங்ளருக்குத் தலை மாத்தினது திங்கக்கிழமை. கள்ளன்ட பாட்டுல கேக்குறது புதுத் தலை. அப்ப, களவெடுத்ததுக்குப் பொறகு ஒருத்தன் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போய், சத்தத்தப் புதுசா எடுத்து, அதப் பாட்டுல போட்டிரிக்கான். மிரட்டல் அனுப்புற அவசரத்துலயும் பாட்ட ஒழுங்காக்கி அனுப்புற கள்ளன் எத்தின பேரு இரிக்காங்க?"

"ரோட்டுல நிண்டுதான் எடுத்தன்," என்றான் நிரோசன் சின்னக் குரலில். "தோட்டத்துக்குள்ள போகேல்ல."

"பூட்டு?"

"என்னட்ட ஒரு சாவி இருக்கு."

அவன் கட்டிலுக்கடியில் இருந்து ட்ரம்பட் பெட்டியை இழுத்துத் திறந்தான். ட்ரம்பட்டின் வாய்க்குள், ஒரு பழைய காலுறையில் சுற்றிய டிஸ்க்.

"நாலாவது பாட்டு நொண்டுது அக்கா. ஆறு மாசமா அது என்ட காதுக்குள்ள நொண்டுது. வெளிய போனா போனதுதானே, பிறகு தொட ஏலாது. அவனிட்ட சொன்னா, போதும்டா எண்டுறான். அவனுக்கு எப்பவும் போதும்."

"நொண்டிய ஒரே நாள்ல திருத்திட்டீங்க," என்றார் ராத்தா. "அப்ப என்னத்துக்குப் பத்து நாள் கேட்டீங்க?"

நிரோசன் டிஸ்க்கை மேசையில் வைத்தான். மறுபடி எடுத்தான். மறுபடி வைத்தான்.

"வெள்ளிக்கிழமை முடிஞ்சா எல்லாம் முடிஞ்சிடும் அக்கா."

"முடிக்காட்டியும் அவன் சனிக்கிழமை போகத்தான் போறான். டிக்கெட் போட்டாச்சு."

"தெரியும். ஆனா ஒண்டு பாதியில கிடந்தா, அத முடிக்கிறதுக்கெண்டாவது கோல் எடுப்பானே. முடிஞ்ச வேலைக்கு ஆர் கோல் எடுக்கிறது?"

கைப்பைக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் நாயே."

நிரோசன் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்ததில் மைக் ஸ்டேண்ட் ஆடியது. ராத்தா போனை எடுத்து மேசையில் வைத்தார். பின்னால் பஸ் இன்ஜின் உறுமல், யாரோ ஒரு பிள்ளையின் அழுகை, ஜன்னலுக்கு வெளியே காற்று. றுமைஸ் புத்தளத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"மூணு நாள் நித்திரை இல்லடா எனக்கு. ஒரு மனிசன சந்தேகப்படாம விடல்ல. பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார கூட சந்தேகப்பட்டேன்."

"சொறி மச்சாங்."

"சொறி, கிரி. அந்த நேரான பீட்ட போடு."

"இப்பவா?"

"போடுடா."

நிரோசன் போட்டான். அறை முழுக்க நிமிர்ந்து நடந்தது அந்தத் தாளம். ட்ரம்பட் மேலே ஏறி வளைந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், மிக அழகாக இருந்தது. பஸ்ஸுக்குள் இருந்து றுமைஸ் தன் வரியைப் பாடத் தொடங்கினான். மூன்றாவது வரியில் தடுக்கினான். மறுபடி தொடங்கினான். மறுபடி அதே இடத்தில் விழுந்தான்.

"கேக்குதா ஒனக்கு? நான் இத நொண்டிக்குத்தான் எழுதினேன். அந்த ஸ்பிரிங்ளர் முழுங்குற எடத்துலதான் நான் மூச்சு எடுக்கிற. நீ அத அடச்சிட்டா நான் எங்கடா மூச்சு எடுக்கிற?"

நிரோசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதம் அவனுக்குப் பிழையாகக் கேட்டது, மற்றவனுக்கு மூச்சாக இருந்திருக்கிறது. அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. மனுஷனுக்குக் கொஞ்சம் மரியாதை வேண்டும்.

"வெள்ளிக்கிழமை நொண்டிதான் போகும்," என்றான் றுமைஸ்.

"சரி."

"ஒரு மயிரையும் தொடப்படாது."

"தொடமாட்டன். புதுச அழிச்சிடுறன்."

"அழிச்சிப் பாரு, பஸ்ஸத் திருப்பிக்கிட்டு வந்து கொல்லுவேன்." பஸ்ஸின் ஹோர்ன் ஒரு தடவை அலறியது. "என்ட குரல எடுத்துட்டு பீட்ட மட்டும் போடு. சும்மா சுத்தட்டும்."

நிரோசன் குரலை நீக்கினான். பம்ப், புது ஸ்பிரிங்ளர், ட்ரம்பட். நாலு அடி, நாலு அடி, நாலு அடி.

முதலில் றுமைஸ் வெறுமனே முனகினான். பிறகு ஒரு சொல் விழுந்தது. பிறகு இரண்டு. பழைய பாட்டில் இல்லாத சொற்கள்: விசா, ஹெல்மட், நாப்பத்தெட்டு டிகிரி. நடுவில் தடுக்கினான், தன்னையே தூஷணத்தால் ஏசினான், மறுபடி பிடித்தான்.

"இது முடியாதுடா இப்ப," என்றான். "அங்க போய்த்தான் எழுதணும்."

"அவசரமில்ல," என்றான் நிரோசன்.

நான் வாயைத் திறந்தேன், ஒரு நல்ல பகிடி வந்திருந்தது. ராத்தா என் காலை மிதித்தார்.

பஸ்ஸில் கொண்டக்டர், "பாலாவி, பாலாவி, எறங்குறவங்க முன்னுக்கு வாங்க," என்று கத்தினார். றுமைஸ் அந்தக் கத்தலின் மேலேயே அடுத்த வரியைப் போட்டான். சரியாக உட்கார்ந்தது.

நிரோசன் எப்போது ரெக்கோர்ட்டை அழுத்தினான் என்று எனக்குத் தெரியாது. திரையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.